உளி ஒருவனுக்கு, துடைப்பம் ஒருவனுக்கா?

(பாலவாக்கத்தில் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற மரவேலைத் தொழிலாளி ஒருவர் "பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு" என்னும் பொருள்பற்றி ஆற்றிய சொற்பொழிவு.)



என்னைப் பற்றித் தலைவர் அவர்கள் அதிகமாகப் புகழ்ந்து விட்டார்கள். நான் பண்டிதனும் அல்ல, பிரசங்கியும் அல்ல. இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் 35 வருஷ காலம் வார்ப்பட மாதிரிகளுக்கு மரம் இழைத்துச் சம்பளம் வாங்கினவன். ஆதலால் நான் பேசுவது இழைப்புளி ஓடுகிற மாதிரி, முடிச்சு வந்த இடத்தில் நின்று நின்றுதான் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டம் ஏன் கூட்டப்பட்டதென்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துப் பெற்றோர்களுக்குள் சில நாட்களாக ஒரு தர்க்கம் நடக்கின்றது. "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தைக் கூட்டச் சொல்லலாமா?" என்று ஒரு கட்சி கோபிக்கின்றது. "கூட்டினால் என்ன குறைந்துவிடும்? நாங்களெல்லாம் அடி வாங்கிக் கூட்டித்தானே முன்னுக்கு வந்தோம்" என்று மற்றொரு கட்சி பெருமை பேசுகின்றது. இரண்டு கட்சியாரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். "கூட்டலாமா?" என்பதல்ல கேள்வி. "யார் கூட்டுகிறான், எதற்காகக் கூட்டுகிறான், அவன் கூட்டும்போது மற்றவன் என்ன செய்கிறான்?" என்பதுதான் கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த வெட்கத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

அன்றைய பாலவாக்கம்

இன்று பாலவாக்கம் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. 2011ஆம் வருஷத்தில்தான் அப்படிச் சேர்ந்தது. நான் சொல்லும் காலத்தில் இது மணலும் சவுக்கும் மீன்பிடிக் குப்பமுமாக இருந்த ஒரு கிராமம். உயர்தரப் பள்ளிக்கூடம் என்றால் நகரத்துப் பக்கம் போக வேண்டும். 1964இல் நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். அக்காலத்தில் 11ஆம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். இப்போதுள்ள பனிரண்டாம் வகுப்பு ஏற்பாடு 1978இல்தான் வந்தது. சில உயர்தரப் பள்ளிக்கூடங்களில் சாதாரணப் படிப்போடு இயந்திரத் தொழில், காரியதரிசி வேலை, விவசாயம் என்று பிரிவுகள் இருந்தன. நான் இயந்திரத் தொழில் பிரிவை எடுத்துக் கொண்டேன். ஆசையால் அல்ல; கணக்கில் மார்க்கு குறைந்த பையன்களை அதில் தள்ளிவிடுவது வழக்கமாயிருந்தது. கை வேலை என்றால் மூளையில்லாதவனுக்கு என்பது இந்த நாட்டுச் சாஸ்திரமல்லவா? பள்ளிக்கூடமும் அந்தச் சாஸ்திரப்படியே நடந்தது.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. ஒன்றை மட்டும் காட்டிக் கொடுத்து மற்றவைகளை யோக்கியமாக்க எனக்கு இஷ்டமில்லை.

கொட்டகை ஒன்று. எட்டு மேசைகள். மேசைக்கு ஒரு வைஸ். சுவரில் ரம்பம், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அரம். நாங்கள் 30 பேர். வாரத்தில் சில பீரியடுகள் அங்கே வேலை.

முதல் வாத்தியாரின் ஒழுங்கு

எங்களுக்கு முதலில் இருந்த கைத்தொழில் வாத்தியார் ஒழுங்குக்குப் பெயர் போனவர். கொட்டகைக்குள் நுழையும்போது கை கட்ட வேண்டும். அவர் பேசும்போது தரையைப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டால் மரஸ்கேல் விரல் முட்டியில் விழும். "ஏன் ஸார் இழைப்புளி பிசிறடிக்கிறது?" என்று கேட்டவனுக்கும் அடிதான். மரத்தின் நரம்பு போகிற போக்குக்கு எதிராக இழைத்தால் பிசிறடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஜன்மத்துக்கும் மறந்திருக்க மாட்டான். அடி கொடுத்ததால் அடி மட்டுமே ஞாபகம் இருந்தது.

ஆயுத பூஜை வந்தால் ஒரு வேடிக்கை. கருவிகளையெல்லாம் இறக்கி, தண்ணீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்குக் கருவியைத் தொடக் கூடாது. நம் ஊர்க் கடல் காற்று எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் வைத்த ஆணி இரண்டு நாளில் சிவந்து விடும். அந்தக் காற்றில் ஈரச் சந்தனத்தோடு இரும்பை ஓர் இரவு வைத்தால் என்ன ஆகும்? மறுநாள் உளியெல்லாம் துரு. தெய்வமென்று கும்பிட்ட பொருளை அரித்ததே அந்தக் கும்பிடுதான். வருஷத்தில் ஒரு நாள் சந்தனம் பூசினவர்கள், மற்ற நாட்களில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினதில்லை.

இவையெல்லாம் சிரிக்கிற விஷயம். இனிச் சொல்லப் போவது சிரிக்கிற விஷயமல்ல.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அவனுடைய தகப்பனார் தெருக் கூட்டுகிற வேலை செய்தவர். வகுப்பு ஆரம்பித்த முதல் நாள் வாத்தியார் வரிசையாக எல்லாரையும் பெயர் கேட்டார், "அப்பா என்ன செய்கிறார்?" என்றும் கேட்டார். இவன் சொன்னான். "சரி, துடைப்பம் மூலையில் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். அவனுடைய மூன்று வருஷப் படிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்மானமாகி விட்டது.

நாங்கள் இழைப்போம்; சுருள் சுருளாக மரம் விழும்; அவன் கூட்டுவான். நாங்கள் துளை போட்டு முனை பொருத்தக் கற்றுக்கொண்டோம். அவன் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கக் கற்றுக்கொண்டான். மணி அடித்ததும் நாங்கள் ஓடி விடுவோம். அவன் கடைசியில் தனியாக இருந்து கதவைச் சாத்தி விட்டு வருவான். ஒரு தடவை அவன் என் மேசைப் பக்கம் வந்து, இழைப்புளியை எடுத்து என் கட்டையில் இரண்டே இழுப்பு இழுத்தான். காகிதம் போலச் சுருள் வந்தது. என்னைக் காட்டிலும் நன்றாக வந்தது. வாத்தியார் திரும்புவதற்குள் கீழே வைத்து விட்டான். அவன் அந்தக் கருவியைப் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

எங்களில் ஒருவனாவது "அவனுக்கு ஏன் மேசை கொடுக்கவில்லை?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. அநியாயம் தினந்தோறும் ஒரே நேரத்தில் மணி அடித்து நடந்தால் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வந்து விடுகின்றது.

உளி காணாமற் போன கதை

ஒரு வெள்ளிக்கிழமை சிறிய உளி ஒன்றை நான் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். திருடவேண்டுமென்று அல்ல. குப்பத்துப் பையன்களோடு பந்தயம் விடுவதற்குக் கலியாண முருங்கைக் கட்டையில் ஒரு சின்னக் கட்டுமரம் செதுக்க ஆசை. திங்கட்கிழமை திருப்பி மாட்டிவிடலாமென்று நினைத்தேன். சாயங்காலம் கருவிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் எங்கள் கொட்டகையில் இல்லை. கை கட்டுவதற்கு விதி இருந்தது. கருவியை எண்ணுவதற்கு விதி இல்லை.

திங்கட்கிழமை நான் பையிலிருந்து உளியை எடுப்பதற்கு முன்பே வாத்தியார் அதைத் தேடி விட்டார். "கடைசியில் இருந்தது யார்?" என்றார். வேறு யார் இருப்பார்கள்? துடைப்பம் பிடித்தவன்தான் தினமும் கடைசியில் இருப்பவன். கடைசியில் இருக்கும்படி அவனை வைத்ததே வாத்தியார். அவனைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு பிரம்படி. நான் எண்ணினேன். என் பையில் உளி இருந்தது. என் வாயில் நாக்கும் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. நான் உளியை மேசைக்குக் கீழே மரச்சுருளுக்குள் போட்டு விட்டேன். மத்தியானம் யாரோ கண்டெடுத்தார்கள். அப்பொழுது வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "பயந்துபோய் அவனே கொண்டு வந்து போட்டிருக்கிறான்" என்றார். அவன்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லையே! வராதவன் எப்படிப் போட்டான்? முப்பது பேர் இருந்த வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தலை இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் அத்தாட்சியைவிடப் பிறப்பைப் பற்றிய எண்ணம் பலமாக இருந்தது. தோழர்களே! மூடநம்பிக்கை என்றால் பேய் பிசாசு மட்டுமல்ல; இதுதான் பெரிய மூடநம்பிக்கை.

புதன்கிழமை அவன் தகப்பனார் வந்து, வாசலில் நின்று, பையனின் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். உளி கிடைத்து விட்டது; பையன் கிடைக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்துச் சம்பளம் வந்த பிறகு அவன் குடியிருந்த தெருவுக்குப் போய்த் தேடினேன். அவர்கள் அங்கே இல்லை. அவனிடம் சொல்ல வேண்டியதை இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றேன். இதனால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்றுதான் சொல்லுகின்றேன்.

காரணம் சொன்ன வாத்தியார்

அடுத்த வருஷம் அந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருவர் வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து விட்டு வந்தவர். முதல் நாள் கரும்பலகையில் 11 விதிகள் எழுதினார். எழுதி விட்டு, "எந்த விதிக்கும் காரணம் கேட்கலாம். எனக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டால் அந்த விதியை அழித்து விடுவேன்" என்றார். நாங்கள் திகைத்துப் போனோம். வாத்தியாரைக் காரணம் கேட்பதா?

பயந்து பயந்து கேட்டோம். இழைப்புளியை ஏன் படுக்க வைக்க வேண்டும்? நிமிர்த்தி வைத்தால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு மேசையில் பட்டு மழுங்கும். உளியைக் கொடுக்கும்போது ஏன் பிடியை முன்னால் நீட்ட வேண்டும்? கூர் வாங்குகிறவன் கையைக் கிழிக்கும். செதுக்கும்போது இரண்டு கையும் ஏன் கூருக்குப் பின்னால் இருக்க வேண்டும்? வழுக்கினால் கூர் முன்னால்தான் பாயும். அரத்தூளை ஏன் வாயால் ஊதக் கூடாது? கண்ணில் விழும். துளைபோடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஏன் துண்டு போடக் கூடாது? மெஷின் துண்டை இழுக்கும், துண்டு கழுத்தை இழுக்கும். வேலை முடிந்ததும் ஏன் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும்? கடல் காற்று.

பத்தாவது விதிக்கு வந்தோம்: "தலைமை ஆசிரியர் வந்தால் வேலையை விட்டு எழுந்து கை கட்ட வேண்டும்." இது பழைய வழக்கம், அவரும் யோசனையில்லாமல் எழுதி விட்டார். ஒருவன் எழுந்து, "ஸார், ரம்பம் பாதியில் இருக்கும்போது கையை விட்டால் கட்டை விழாதா?" என்று கேட்டான். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை எடுத்து அந்த விதியை அழித்தார். தோழர்களே, என் பள்ளிக்கூட வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான். அன்றையிலிருந்து மற்றப் பத்து விதிகளையும் ஒருவனும் மீறவில்லை. அடிக்குப் பயந்தவன் வாத்தியார் முதுகைத் திருப்பினால் மீறுவான். காரணம் தெரிந்தவன் வாத்தியார் இல்லாவிட்டாலும் மீற மாட்டான்.

கடைசி விதி இரண்டு பகுதி. ஒன்று, சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்புச் சாயத்தால் வரைந்து, அதனதன் இடத்தில் அதை மாட்ட வேண்டும். மணி அடித்ததும் எல்லாருமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாகும் வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது. ஒரு கருவி குறைந்தால் பலகையில் கறுப்பு நிழல் மட்டும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். மற்றொன்று, கூட்டுகிற முறை. பெயர்களை அகரவரிசையில் எழுதி, நாளுக்கு இரண்டு பேர். பட்டியலின் கடைசியில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பலகையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த எண்ணிக்கை சென்ற வருஷம் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே உளி என் துண்டிலிருந்து வெளியே வந்திருக்கும். ஒருவன் முதுகும் வீங்கியிருக்காது. கருவியை எண்ணுவது கருவியைக் காப்பாற்ற மட்டும் என்று நினைக்கிறோம், அல்ல. சந்தேகம் முதலில் யார்மேல் விழுமோ, அவனைக் காப்பாற்றவே அது அதிகமாக உதவுகின்றது. காரணமுள்ள ஒழுங்கு எளியவனுக்குக் காவல். காரணமில்லாத ஒழுங்கு எளியவனுக்கு விலங்கு.

என் முறை வந்து நான் கூட்டினேன் என்று தெரிந்ததும் என் பாட்டி, "கண்டவர் தொட்ட துடைப்பத்தைத் தொட்டாயா?" என்று கிணற்றடியில் நிறுத்தி விட்டாள். "நம் வீட்டை யார் கூட்டுகிறது?" என்றேன். "நான்தான்" என்றாள். "அப்படியானால் உன்னைத் தொடலாமா?" என்றேன். பாட்டிக்குச் சிரிப்பு வந்து விட்டது. தலையில் தண்ணீர் ஊற்றுவதையும் மறந்து விட்டாள்.

கைத்தொழில் வேறு, குலத்தொழில் வேறு

"அப்படியானால் கைத்தொழிற் கல்வி வேண்டும் என்கிறாயா? 1953இல் அதைத்தானே ராஜாஜி கொண்டு வந்தார், அதைத்தானே பெரியார் எதிர்த்தார்?" என்று சிலர் கேட்கலாம். இந்த இடத்தில்தான் நம் ஜனங்களுக்குள் பெரிய குழப்பம் இருக்கின்றது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1937இல் வார்தாவில் காந்தியார் கூட்டிய மாநாட்டிலிருந்தும், ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த கமிட்டியிலிருந்தும் ஆதாரக் கல்வி என்ற திட்டம் பிறந்தது. கைத்தொழிலை மையமாக வைத்துப் படிப்பு என்பது அதன் கொள்கை. 1952-53இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இருந்த உயர்தரக் கல்விக் கமிஷன், உயர்தரப் பள்ளி மாணவன் ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்று சிபார்சு செய்தது. இந்த இரண்டிலும் குறை சொல்ல இடமிருக்கலாம். ஆனால், "உன் அப்பன் தொழிலை நீ செய்" என்பது இரண்டிலும் இல்லை. தச்சன் மகன் நூற்கலாம். வக்கீல் மகன் இழைக்கலாம்.

1953 ஜூனில் நம் ராஜ்யத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வந்த திட்டமோ, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. வீட்டுத் தொழில் என்றால் என்ன? சவரம் செய்கிறவர் வீட்டில் சவரம். துணி வெளுப்பவர் வீட்டில் வெளுப்பு. தெருக் கூட்டுகிறவர் வீட்டில் துடைப்பம். எனவேதான் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதன் மந்திரியானார். அந்த வருஷமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் சட்டத்தில் ஒழிந்தது கொட்டகையில் ஒழிந்ததா? திட்டம் ஒழிந்து பத்து வருஷத்துக்குப் பிறகுதானே எங்கள் வாத்தியார் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டுத் துடைப்பத்தைக் காட்டினார்? அவருக்கு அரசாங்க உத்தரவு தேவைப்படவில்லை. அவர் மனசுக்குள்ளேயே அந்த உத்தரவு இருந்தது.

இது தமிழ்நாட்டில் மாத்திரம் நடந்ததல்ல. ஓம்பிரகாஷ் வால்மீகி என்ற இந்தி எழுத்தாளர் 1997இல் வெளியான "ஜூட்டன்" என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில், வடநாட்டுக் கிராமப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியர் தம்மை வகுப்பில் உட்கார விடாமல் நாட்கணக்காகப் பள்ளிக்கூடத்தைக் கூட்ட வைத்ததை எழுதியிருக்கின்றார். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி விட்டேன். பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் நம் ஈரோடு மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாக ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார்.

தொழில் கற்றுக்கொடுக்கும் திட்டங்களிலும் இந்த எண்ணம் ஒளிந்து வருகின்றது. 2023இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு உதவுவது. 18 வயதானவன் சேரலாம். குடும்ப வழியாக அந்தத் தொழிலைச் செய்கிறவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 18 வயது என்பது காலேஜில் சேரும் வயதல்லவா? தமிழ்நாட்டு அரசாங்கம், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்டது. மத்திய அரசாங்கம் இணங்காததால் சாதி பார்க்காத வேறொரு கைவினைத் திட்டத்தை 2025இல் தானே தொடங்கியது. தொழிலுக்கு உதவி செய்வதை யார் வேண்டாமென்பார்? உதவி வாங்க வருகிறவனிடம் "உன் அப்பன் யார்?" என்று கேட்பதைத்தான் வேண்டாமென்கின்றோம்.

பிற தேசத்தாரைப் பாருங்கள்

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வகுப்பறையையும் நடையையும் கூட்டித் துடைக்கின்றார்கள். பணக்காரன் பிள்ளை, ஏழை பிள்ளை, ஆண், பெண் எல்லாரும் ஒரே நேரத்தில் துணியைப் பிடித்துக் குனிகின்றார்கள். அதில் ஒருவனுக்கும் அவமானம் இல்லை. ஏன் இல்லை? எல்லாரும் செய்வதால் இல்லை. அவமானம் துடைப்பத்தில் இல்லை. அது ஒருவன் கையிலேயே நிற்பதில் இருக்கின்றது.

பின்லாந்து தேசத்தில் 1866லேயே, ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால், பொதுப் பள்ளிகளில் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. அங்கும் வெகுகாலம் பையனுக்கு மரவேலை, பெண்ணுக்குத் தையல் என்றுதான் இருந்தது. பிறகு சிறிது சிறிதாக மாறி, 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கைவேலைப் பாடம் ஆகி விட்டது. நம் வகுப்பில் ஒரு பெண்கூட இழைப்புளி பிடித்ததில்லை, அவர்களுக்கு மனையியல். நம் வீடுகளிலும் மகளுக்குத் துடைப்பம், மகனுக்கு சைக்கிள் என்றுதானே இருக்கின்றது? தாய்மார்கள் சிரிக்கின்றீர்கள், மகன்மார்கள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சாதி பார்த்துத் துடைப்பம் கொடுத்ததற்கும் வீட்டில் ஆண் பெண் பார்த்துக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கின்றது. பிரம்பும் பிறப்பும் எங்கள் கொட்டகையில் ஒன்றாகவே வந்தன. அவைகளைத் தடுக்கும் சட்டப் பிரிவுகளுக்கும் ஒரே நம்பர் அமைந்தது தற்செயல்தான். ஆனால் மனப்பாடம் செய்யச் சுலபம். மாணவர்கள் 17 என்ற நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

கடைசியாக, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நான் சொல்லும் யோசனைகள் இவைதான்.

ஒன்று: பிள்ளைகள் தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே கூட்டட்டும். ஆனால் பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அகரவரிசையில் இருக்க வேண்டும். வாத்தியார் பெயரும் அதில் இருக்க வேண்டும். தண்டனையாகத் துடைப்பத்தைக் கொடுக்கவே கூடாது. வேலையைத் தண்டனையாக்கினால், வேலை செய்கிறவனைக் குற்றவாளியாக்குகிறோம்.

இரண்டு: கக்கூஸ் கழுவுவது பிள்ளைகள் வேலையல்ல. "ஜப்பானில் அதையும் செய்கிறார்களே?" என்று கேட்கலாம். அங்கே அந்த வேலைக்கும் ஒருவன் பிறப்புக்கும் முடிச்சுப் போட்டுப் பட்டியல் எழுதும் வாத்தியார் இல்லை. இங்கே இருக்கின்றார் என்று பார்த்து விட்டோம். ஆதலால் இங்கே அதற்குச் சரியான கருவியும், கையுறையும், நியாயமான சம்பளமும் உள்ள ஆள் வேண்டும். அந்த ஆளையும் பிள்ளைகள் மரியாதையாகக் கூப்பிட வேண்டும்.

மூன்று: எந்த விதி போட்டாலும் காரணம் சொல்லுங்கள். பிள்ளை கேட்கிறான் என்று கோபிக்காதீர்கள். காரணம் சொல்ல வராவிட்டால் அந்த விதியை அழித்து விடுங்கள். அழித்த வாத்தியாருக்கு எங்களிடத்தில் மரியாதை குறையவில்லை, கூடத்தான் கூடியது.

நான்கு: மாணவர்களுக்கு. உங்கள் வகுப்பில் ஒருவன் எப்போதும் கடைசியில் தனியாக இருக்கிறானா என்று பாருங்கள். ஏன் இருக்கிறான் என்று கேளுங்கள். ஒருவன் செய்யாத குற்றத்துக்கு எழுந்து நிற்கும்போது உங்களுக்கு உண்மை தெரிந்தால் எழுந்திருங்கள். அப்போது எழுந்திருக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவற விட்டதால் நான் அறுபது வருஷமாக உட்கார்ந்துகொண்டே இருக்கின்றேன்.

இவைகளை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். தப்பென்று பட்டால் இந்த மேடையிலேயே எழுந்து கேளுங்கள், பதில் சொல்லுகின்றேன். கூட்டம் முடிந்ததும் இந்த இடத்தைக் கூட்ட வேண்டியிருக்கின்றது. பட்டியல் போடவில்லையென்று தலைவர் சொன்னார். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகின்றேன்.